பெயர் வெட்டிய கல் யாருக்குச் சொந்தம்

சாமு,

இதை உன் பெட்டியில், இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். ரயில் ஏறிய பிறகு பிரித்தால் போதும். வீட்டிலேயே பார்த்துவிட்டாயானால், சமையலறைக்கு வந்து என்னோடு வாதாடாதே. உனக்கு எதிராக வாதாடுவதற்கு எனக்குக் கட்டணம் கொடுக்க ஆளில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது, பேங்கில் பயிற்சியின் முதல் நாள் என்னடா சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். நீ ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மூணாவது மனுஷனுக்கு பேங்க் பதில் சொல்லத் தேவையில்லம்மா. வந்து நிக்கிறவன் நம்ம கஸ்டமரா இல்லையா, அதான் முதல்ல பாக்கணும்" என்றாய். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய், "என்னம்மா, பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று கேட்டாய். மாத்திரை போட்டேன் ராஜா. உன் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்ததும் எனக்கு ஹாலந்துக்காரர் ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார். அவர் கதையை உனக்கு நான் சொன்னதே இல்லை. அது நடந்தபோது நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தால் கிரிக்கெட்டுக்கே நேரம் போதாது, வழக்குக் கதை கேட்க உனக்கு எங்கே நேரம்.

என் பாதி வாழ்க்கை பேங்குகளுக்கு எதிரே நின்றே போயிற்று. இப்போது என் ஒரே பிள்ளை ஒரு பேங்கின் சட்ட அதிகாரியாக பம்பாய் போகிறான். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வருத்தமில்லை. யாராவது ஒருவர் அந்தப் பக்கத்திலும் உட்காரத்தானே வேண்டும். உட்காருகிறவனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் தொழிலில் ஒரு கேள்வி உண்டு. லோகஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம். இந்த விஷயத்தில் பேசுவதற்கு நீ யார் என்பதுதான் அது. உன் வழக்கில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் பிறகு. முதலில் நீ யார்? சட்டக் கல்லூரியிலிருந்தே இந்தக் கேள்வி மேல் எனக்கு ஒரு பைத்தியம். எதிரியை வாசலிலேயே நிறுத்தி, அவன் கையில் என்ன கொண்டுவந்திருக்கிறான் என்று பார்க்காமலேயே திருப்பி அனுப்ப இதைவிட வசதியான வழி கிடையாது. நானும் எத்தனையோ பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி என்று வைத்துக்கொள். தொம்மலூர்க்காரர் முனிரத்தினம் நம் வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முனிரத்தினத்துக்கு ஜிகணியில் ஒரு கிரானைட் பட்டறை. கல்லை அறுத்து, பாலிஷ் போட்டு, கல்லறைக் கல்லாகச் செய்து, கேட்கிறவர்களுக்குப் பெயரும் வெட்டி, வெளிநாட்டுக்கு அனுப்புவார். ஏற்றுமதிக்காக பேங்கில் முன்கடன் வாங்கியிருந்தார். வேறொரு நாட்டுக்குப் போன சரக்கில் கல்லில் நரம்பு ஓடுகிறது என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். கடன் நின்றது. பேங்க் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து, பட்டறையைச் சீல் வைத்துவிட்டது. உள்ளே இருந்த எல்லாம் பேங்குக்கு அடமானம். அதில் இந்த வெள்ளைக்காரருக்காகச் செய்து, பெட்டிகட்டி, லாரிக்குக் காத்திருந்த கற்களும் மாட்டிக்கொண்டன.

"இன்னா மேடம் இது அநியாயம்? என் மிஷினைப் பூட்டட்டும், என் லாரியை எடுக்கட்டும், நான் வாயத் தெறக்கல. ஆனா உள்ள நிக்கிறது என் கல்லு இல்ல மேடம், இந்த மனுஷன் கல்லு. ஃபுல் பணமும் அட்வான்சா அனுப்பிட்டாரு. இவரு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்றார் முனிரத்தினம். பெரிய மீசைக்காரர், கண்ணில் தண்ணி நின்றது.

வெள்ளைக்காரர் பெயர் யோரிஸ். ஹாலந்தில் ஏதோ சின்ன ஊர். அங்கே கல்லறைக் கல் கடை வைத்திருந்தார். கொக்கு மாதிரி உயரம். நம் வீட்டு நிலையில் தலை இடிக்காமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்த கேள்வியாக இருந்தது. நான் இந்தியன் இல்லையே, உங்கள் நீதிமன்றத்தில் நான் நிற்க முடியுமா?

எனக்கு ஒரே குஷி. புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டு அவருக்குப் பாடம் நடத்தினேன். நம் சிவில் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது சாமு, உனக்கும் தெரியும். அந்நியர்களை அது இரண்டாகப் பிரிக்கிறது, நட்பு அந்நியர், பகை அந்நியர் என்று. நம்மோடு போரில் இருக்கும் நாட்டுக்காரன் பகை அந்நியன், அவன் சர்க்கார் அனுமதியில்லாமல் வர முடியாது. மற்ற எல்லோரும் நண்பர்கள். நம் ஊர்க்காரன் எப்படிக் கோர்ட்டுக்குப் போகலாமோ அப்படியே அவர்களும் போகலாம். யோரிஸ் கவனமாகக் கேட்டுவிட்டு, "நான் நண்பன்தான் என்று யார் சோதித்துப் பார்ப்பார்கள்?" என்றார். யாரும் சோதிக்க மாட்டார்கள், சண்டை போடாத வரைக்கும் நண்பன் என்று வைத்துக்கொள்வார்கள் என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, இது நல்ல சட்டம் என்று சொன்னார். நானே எழுதிய சட்டம் மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அவரைச் சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட நோட்டரியிடம் கூட்டிப்போனேன். கோர்ட்டு வாசலில் மரத்தடியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி ஆள். தலை நிமிராமல், "ஃபாதர் நேம்?" என்றார். யோரிஸ் குழம்பிப்போனார். கல் வாங்கியது நான், பணம் அனுப்பியது நான், செத்துப்போன என் அப்பா பெயர் எதற்கு என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒரு மனிதன் யார் என்று சொல்ல ஆரம்பித்தாலே இன்னாருடைய மகன் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டுக்கு உங்களை அடையாளம் தெரியாது என்றேன். "அம்மா பெயர் கேட்க மாட்டார்களா?" என்றார். கேட்க மாட்டார்கள் என்றேன். எத்தனையோ ஆயிரம் சத்தியப் பத்திரம் தயாரித்த எனக்கு அதுவரை அந்தக் கேள்வி தோன்றவே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

அந்நியர் என்ற வாசலை நான் தாண்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனால், பேங்கின் சீனியர் வக்கீல் சிரித்துக்கொண்டே அடுத்த வாசலை அடைத்தார். இவர் எந்த நாட்டுக்காரராக இருந்தால் என்ன, கனம் நீதிபதி அவர்களே, இவர் எங்கள் கஸ்டமர் இல்லை. எங்களோடு இவருக்கு ஒப்பந்தம் கிடையாது, எங்கள் காகிதம் எதிலும் இவர் கையெழுத்து கிடையாது. கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் உள்ள வழக்கு இது, இவர் யார்? நேற்று நீ ரசம் ஊற்றிக்கொண்டு சொன்னாயே, அதே வாக்கியம்தான், கொஞ்சம் இங்கிலீஷ் பாலிஷோடு.

எனக்கு ஆத்திரம் வந்தது. அதில் பாதி என் மேலேயே வந்தது. ஏனென்றால் மனுவில் நான் கேட்டிருந்தது யோரிஸ் கொடுத்த அட்வான்சை. அது எங்கள் தொழில் புத்தி. எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அதைப் பணமாக மாற்றித்தான் எங்களுக்குப் பார்க்கத் தெரியும். பணம் கேட்டவுடனே அவர் முனிரத்தினத்துக்குக் கடன் கொடுத்த இன்னொருவர் ஆகிவிட்டார். அடமானம் வைத்திருக்கும் பேங்க் முன்னால், இவர் வரிசையின் வாலில். ஜட்ஜ் நல்ல மனிதர், மென்மையாகத்தான் சொன்னார், இந்த மனு நிற்காது அம்மா என்று. வெளியே வந்ததும் யோரிஸ், "நான் உங்களிடம் பணம் கேட்கவே இல்லையே, கல்லைத்தானே கேட்டேன்" என்றார். உண்மைதான். அவர் அதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் காதில் விழவில்லை.

இந்த இடத்தில்தான் கதைக்குள் உன் அப்பா வருகிறார். உனக்குத் தெரியுமே, அப்பாவுக்கு வெளியூர்க்காரர் யார் கிடைத்தாலும் போதும், ஜாகிரபி வாத்தியார் புத்தி விடாது. யோரிஸ் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு நம் ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். சாயங்காலம் காபிக்கு வந்துவிடுவார். நான் மனுவுக்கு வேண்டியதை மட்டும் கேட்பேன். அப்பா எதற்கும் வேண்டாததையெல்லாம் கேட்பார். உங்கள் ஊர் கடலைவிடத் தாழ்வு என்கிறார்களே, அப்படியானால் குழி வெட்டினால் தண்ணீர் வராதா? கல்லறைக் கல்லை எப்போது நடுவீர்கள்? எங்கள் ஊர்க் கல் எதற்கு, பக்கத்து நாட்டில் கிடைக்காதா? யோரிஸ் பொறுமையாகப் பதில் சொல்வார். எங்கள் ஈரத்தில் மற்ற கல்லெல்லாம் பாசி பிடித்து எழுத்து மறைந்துவிடும், உங்கள் கறுப்புக் கல்லில்தான் எழுத்து நிற்கும் என்றார். மண் இறுகுவதற்குக் காத்திருந்து, பெரும்பாலும் முதல் வருஷ நினைவு நாளுக்குள் கல்லை நட்டுவிடுவோம், என் ஊரில் பல வீடுகள் காத்துக்கொண்டிருக்கின்றன, தெருவில் போனால் நிறுத்திக் கேட்கிறார்கள், கடையை மூடிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பதே அதனால்தான் என்றார். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவை.

ஒருநாள் முனிரத்தினமும் வந்திருந்தார். தீர்ப்பாயம் நியமித்த கமிஷனர், அவரும் ஒரு இளம் வக்கீல்தான், பட்டறையைச் சீல் வைத்த அன்று எழுதிய பட்டியல் மேசையில் கிடந்தது. இங்கிலீஷில் இருந்ததால் முனிரத்தினம் அதைப் படித்திருக்கவில்லை. அப்பா சும்மா இருக்காமல் அதை எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். "பெட்டியில் அடுக்கிய பாலிஷ் கிரானைட் பலகைகள், எழுத்து ஏதும் இல்லை" என்ற இடம் வந்ததும் முனிரத்தினம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எழுத்து இல்லையா? சார், அந்தப் புள்ளாண்டான் முதுகைப் பாத்துட்டு எழுதிருக்கான் சார்!"

"முதுகா?"

"ஆமா சார். பாலிஷ் போட்ட முகத்துல கீறல் விழுந்தா சரக்கு காலி. அதனால ரெண்டு ரெண்டு கல்லா, முகத்துக்கு முகம் ஒட்டிதான் அடுக்குவோம், நடுவுல ஒரு ஃபோம் ஷீட்டு. வெளியில பாத்தா வெறும் முதுகுதான் தெரியும். பேரு பூரா உள்பக்கம் இருக்குது."

நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். பேங்க் வக்கீல் அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததே இதைத்தான். வெறும் பலகைகள், எல்லாம் ஒரே மாதிரி, இதில் இவருடையது எது என்று இவரால் காட்ட முடியுமா? காட்ட முடியும் சாமு! சரக்கு விற்பனைச் சட்டத்தை நினைத்துப் பார். ஒருவருக்கென்று செய்த பொருள், அவர் சம்மதத்தோடு இதுதான் உன்னுடையது என்று ஒதுக்கிவிட்டால், அந்த நிமிஷமே அது அவருக்குச் சொந்தம், சரக்கு இன்னும் பட்டறையில் இருந்தாலும் சரி. கல்லில் ஒரு பெயரை வெட்டுவதைவிட வேறென்ன ஒதுக்கல் வேண்டும்? ஒவ்வொரு பெயரின் எழுத்தையும் யோரிஸ் ஃபேக்ஸில் பார்த்து, சரி வெட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். அடமானத்தில் இருந்தாலும் வியாபாரத்தில் விற்கிறதை விற்றுக்கொள் என்று பேங்கேதான் முனிரத்தினத்தை விட்டிருந்தது. அது மட்டுமா, முன்கடன் கொடுத்ததே யோரிஸின் ஆர்டரைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான். யாருடைய ஆர்டரை நம்பிக் கடன் கொடுத்தாயோ, அவரையே பார்த்து நீ யார் என்று கேட்கிறாய்! நான் எழுந்து நின்று இதையெல்லாம் சுவரைப் பார்த்து வாதாடினேன். அப்பா, "உக்காருடி, சுவர் ஒத்துக்கிச்சு" என்றார்.

புதிய மனு போட்டேன். பணம் வேண்டாம், கல் வேண்டும். நான் கஸ்டமர் இல்லைதான், ஆனால் நீ பூட்டி வைத்திருப்பது என் பொருள், அதைச் சொல்ல நான் உன் கஸ்டமராக இருக்கத் தேவையில்லை. பேங்க் சீனியர் அசரவில்லை. பெயர் இருந்தால் என்ன, கனம் நீதிபதி அவர்களே, முகத்தைக் கொஞ்சம் இழைத்து மறுபடி பாலிஷ் போட்டால் வெறும் பலகை ஆகிவிடும், ஏலத்தில் நல்ல விலை போகும் என்றார். அது நடக்கக்கூடியதுதான் என்று முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொண்டார். யோரிஸுக்கு நான் அதை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை, வாதமெல்லாம் இங்கிலீஷில்தானே. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. ஜட்ஜ் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள், பிறகு பேசலாம் என்றார்.

ஜிகணிக்குப் போனோம். கமிஷனர், நான், யோரிஸ், முனிரத்தினம், அவருடைய ஆட்கள் இரண்டு பேர். பேங்கிலிருந்து சேஷாத்ரி என்று ஓர் அதிகாரி வந்திருந்தார். மல்லேஸ்வரத்துக்காரர், நெற்றியில் மெல்லிய கோடு, சட்டைப் பையில் மூன்று பேனா. வழக்கு ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். யோரிஸ் இருக்கும் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. கெட்ட மனுஷன் என்று நினைக்காதே. திரும்பிப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற பயம்தான், நாளைக்கு உனக்கும் வரும்.

ஆட்கள் பெட்டியின் பலகையைப் பெயர்த்து, ஒட்டியிருந்த இரண்டு கற்களைப் பிரித்தார்கள். ஃபோம் ஷீட்டை உரித்ததும் கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து பளிச்சென்று நின்றது. கமிஷனர் கன்னடக்காரர், சின்னப் பையன் மாதிரி ஒரு எட்டு பின்வாங்கிவிட்டார். "அய்யோ தேவரே! எல்லாம் செத்தவங்க பேரா மேடம்? வீட்டுக்குப் போய் தலைக்குக் குளிக்கணுமா?" என்று ரகசியமாக என்னைக் கேட்டார். "உள்ள யாரும் இல்லப்பா, வெறும் கல்லு. தைரியமா எழுது" என்றேன். அவர் ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்து எழுத ஆரம்பித்தார். தப்பும் தவறுமாகத்தான் படித்தார். யோரிஸ் ஒவ்வொன்றையும் திருத்திச் சொல்லி, கூடவே ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தார். இவர் தபால்காரர். இவர் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இந்தப் பையன் மோட்டார் சைக்கிளில் போனவன். முனிரத்தினத்தின் ஆட்கள் எப்போது செருப்பைக் கழற்றினார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

கடைசிப் பெட்டியில் ஒரு கல்லில் கமிஷனர் நின்றுவிட்டார். "இதுல ஒரு தப்பு இருக்கு மேடம். ரெண்டு பேர் பேரு இருக்கு. கணவர் பேருக்குக் கீழ ரெண்டு வருஷம் போட்டிருக்கு. மனைவி பேருக்குக் கீழ பொறந்த வருஷம் மட்டும்தான், அப்புறம் ஒரு கோடு, பிறகு ஒண்ணுமே இல்ல. வெட்ட மறந்துட்டாங்க" என்றார். முனிரத்தினம் பதறிப்போய்க் குனிந்து பார்த்தார்.

யோரிஸ் தப்பில்லை என்று சொன்னார். அந்த அம்மா உயிரோடு இருக்கிறார், பெயர் ஹென்ரிகா. எங்கள் ஊரில் பலர் இப்படித்தான், கணவன் போனதும் அதே கல்லில் தன் பெயரையும் வெட்டி இடம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வயசு தொண்ணூறை நெருங்குகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லாட்ஜுக்கு ஃபோன் பண்ணுகிறார். என் கல் எங்கே, நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன், என்னை ஏமாற்றிவிடாதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு யோரிஸ் அந்தக் காலி இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். இந்த முகத்தை இழைத்துவிட்டால் நான் அவருக்கு என்ன சொல்வேன் என்றார்.

அப்போதுதான் சேஷாத்ரி முதல் முறையாக யோரிஸைப் பார்த்தார். இத்தனை வாய்தாவும் வாயே திறக்காதவர், இங்கிலீஷில் மெதுவாக, "இப்போது அவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். போன வாரம் காய்ச்சல், இந்த வாரம் பரவாயில்லை என்றார் யோரிஸ். நல்லது, நல்லது என்று தலையாட்டிவிட்டு, தன் பேனா ஒன்றை எடுத்துக் கமிஷனரிடம் கொடுத்தார். கமிஷனர் பேனாவில் மசி தீர்ந்துபோயிருந்ததை அவர்தான் கவனித்திருக்கிறார்.

அடுத்த வாய்தாவில் சீனியர் எழுந்து, முகத்தை இழைத்துவிடலாம் என்று மறுபடி ஆரம்பித்தார். சேஷாத்ரி பின்னாலிருந்து அவர் கறுப்பு கவுனைப் பிடித்து இழுத்தார். அவர் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார். இன்னும் பலமாக இழுத்தார். சீனியர் திரும்பிக் குனிந்து ஏதோ கேட்க, இவர் காதில் ஏதோ சொல்ல, இரண்டு பேருக்கும் ஒரு சின்னச் சண்டை எல்லோர் முன்னாலும் நடந்தது. "நான் மேனேஜர்கிட்ட பேசிட்டேன் சார், எழுத்துலேயே வாங்கிட்டு வந்துட்டேன்" என்று சேஷாத்ரி சொன்னது எனக்கும் கேட்டது. சீனியர் நிமிர்ந்து, கிழங்கை முழுங்கின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பெயர் வெட்டிய கற்களை விடுவிக்க பேங்குக்கு ஆட்சேபணை இல்லை என்றார். சாமு, நான் அந்த இடத்தில் அழுதேன். கோர்ட்டில் நான் அழுதது அது ஒன்றுதான். கண்ணில் தூசி என்று ஜட்ஜ் நினைத்திருப்பார் என நம்புகிறேன்.

உத்தரவு வந்தது. இந்தப் பொருள் என்னுடையது என்று சொல்கிறவர், கஸ்டமராக இல்லாவிட்டாலும், இந்த நாட்டுக்காரராக இல்லாவிட்டாலும், அவரைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று ஜட்ஜ் எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில், "இந்த வழக்கின் தனிப்பட்ட சூழ்நிலையில்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். வெளிநாட்டுக்காரர் நம் பேங்கைப் பார்த்து எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்ற பெரிய கேள்விக்கு என் வழக்கில் ஒரு பதில் கிடைத்து, சட்டப் புத்தகத்தில் ஏறும் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன். ஒரு மண்ணும் ஏறவில்லை. எந்தப் புத்தகத்திலும் அந்த உத்தரவு இல்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி பாதி திறந்தும் பாதி மூடியுமாகத்தான் கிடக்கிறது. நீ பம்பாயில் ஒருநாள் அதில் முட்டிக்கொள்வாய்.

முட்டிக்கொள்ளும்போது உன் பேங்க் சொல்கிறபடிதான் நீ வாதாட வேண்டும், எனக்குத் தெரியும். அதற்குத்தான் சம்பளம். வந்து நிற்கிறவர்களில் ஏமாற்றுக்காரன் உண்டு, பாதிப் பேர் உண்மையிலேயே சம்பந்தமில்லாதவர்களாகவும் இருப்பார்கள். நீ யார் என்று கேள், கேட்காமல் விடாதே. ஆனால் கேட்டால் பதிலுக்குக் காத்திரு ராஜா. உன் அப்பா கேட்பாரே, எதற்கும் உதவாத கேள்வி, பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையால் மட்டும் கேட்பது, அந்த மாதிரி கேள். பெட்டியைத் திறக்காமல் பட்டியலில் கையெழுத்துப் போடாதே. அதற்குமேல் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை.

கற்கள் சென்னைத் துறைமுகம் வழியாகப் போய்ச் சேர்ந்தன. பனிக்காலத்தில் யோரிஸ் ஒரு போட்டோ அனுப்பினார். கம்பளிக் கோட்டு போட்ட ஒரு கிழவி, ஒரு கையில் கைத்தடி, மற்றொரு கை கல்லின் மேல், தன் பெயரின் மேலேயே. விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அப்பா அந்தப் போட்டோவை ஷோகேஸில் வைத்திருந்தார், நீகூட யாரும்மா இந்த வெள்ளைக்காரப் பாட்டி என்று கேட்டிருக்கிறாய். அப்பாவின் சிநேகிதி என்று நான் சொன்னேன், நீ நம்பவில்லை. சில வருஷம் கழித்து யோரிஸ் ஒரு கார்டு போட்டார். ஹென்ரிகா போய்விட்டார், விட்டிருந்த இடத்தில் வருஷத்தை நானே வெட்டினேன், உங்கள் ஊர் ஆளின் எழுத்தளவு என் எழுத்து நன்றாக வரவில்லை, முனிரத்தினத்திடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, வெளியே போய்க் கொஞ்ச நேரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இனி, இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். அப்பாவின் கல்லறைக்கான கல் போன வாரம் வந்துவிட்டது. முனிரத்தினம்தான் செய்தார், இப்போது சின்னதாக மறுபடி பட்டறை நடத்துகிறார். அப்பா பெயருக்குக் கீழே என் பெயரையும் வெட்டச் சொன்னேன். "இன்னா மேடம், அபசகுனமா பேசிக்கினு, கையே வரல மேடம் எனக்கு" என்று சண்டைக்கு வந்தார். ஹென்ரிகாவை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அப்புறம் அவரே வெட்டிக்கொடுத்தார். அழகாக வந்திருக்கிறது. என் பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு, பிறகு கொஞ்சம் இடம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சிரிப்புத்தான் வந்தது, சத்தியமாக.

நீ அதைப் பார்த்துப் பயந்துவிடக்கூடாது, யாரோ வெட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிடக்கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு பெரிய கதை. என்றைக்கோ ஒருநாள் நீ கல்லறைத் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அந்த இடத்தில் ஒரு வருஷம் வெட்ட வேண்டும் என்று சொல்லுவாய். அங்கே ஒரு கிளார்க் இருப்பார். தலை நிமிராமல், "நீங்க யாரு?" என்பார். கோபப்படாதே. அது அவர் வேலை. அப்பா பெயரை எழுத இடம் விட்டிருப்பார்கள், எழுது. அதன் பக்கத்தில், அவர்கள் கேட்காவிட்டாலும், என் பெயரையும் எழுதி, இவளுடைய மகன் என்று போடு. உலகத்தில் எந்தக் கோர்ட்டும் அதற்குமேல் உன்னை ஒன்றும் கேட்க முடியாது.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் பண்ணு. நீ பண்ணாவிட்டால் நான் பண்ணுவேன், ஹென்ரிகா மாதிரி நச்சரிப்பேன். டிபன் டப்பாவில் புளிசாதம் இருக்கிறது, குண்டக்கல் வருவதற்குள் சாப்பிட்டுவிடு.

அம்மா